தனி அடுப்பு

மைக்ரோவேவ் ஓவன் ஒரு அடுப்புதான் என்று ஒரு அரசாங்க ஆளிடம் வாதாடி ஜெயித்தவன் நான். அந்த வெற்றியை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

முத்தியால்பேட்டையில் என் கடை. பலகையில் கமருஸ்ஸமான் என்று எழுதியிருக்கிறது. அதை முழுசாகப் படித்துக் கூப்பிடுகிறவர் தபால்காரர் ஒருவர்தான், மற்ற எல்லோருக்கும் நான் பாய். மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் பார்ப்பேன் என்றாலும் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஓவன். பக்கத்து ஊர்க்காரர்கள் ஓவனைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே இங்கே பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற வீடுகளில் அது வந்து உட்கார்ந்துவிட்டது. பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்த பெட்டிகளில் பொத்தான் மேல் 'தெப்பார்', 'அரே' என்று எழுதியிருக்கும். ஆரம்பி, நிறுத்து. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். மற்ற மெக்கானிக்குகள் கையை விரித்த ஓவனெல்லாம் கடைசியில் என்னிடம்தான் வரும். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

அமுதவல்லி போன் செய்தது ஒரு புதன்கிழமை காலை.

"பாய், நான் அமுதவல்லி. பொடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறவ. உங்க வூட்டம்மா பொடவையெல்லாம் என்கிட்டதான் வரும். ஒரு ஓவன் ஓடல. நாளைக்கு மூணு மணிக்குள்ள ஓடியாவணும்."

"ஓடலன்னா என்னா, தலையா போயிடும்?" என்றேன். கிண்டல் இல்லாமல் எனக்குப் பேச வராது.

"ஆமா பாய், தலைதான் போவும்" என்றாள். சிரிக்கவே இல்லை.

சாரம் ஏரியாவில் அவளுடைய தம்பி எழிலரசன் வீடு. கீழே தம்பி குடும்பம். மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் அமுதவல்லி. ஐம்பது தாண்டிய மனுஷி, மூக்குக் கண்ணாடி, விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள். புருஷன் போனபிறகு கிராமத்திலிருந்து தம்பி வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறதாம். அறை முழுக்க யார் யாருடைய புடவையோ அடுக்கி வைத்திருந்தது. ஒரு ஸ்டூல் மேல் அந்த ஓவன் இருந்தது.

ஓவனைப் பார்ப்பதற்கு முன் விஷயத்தைக் கேட்டேன். அவள் சொன்னது இது. தம்பியின் ரேஷன் கார்டில் அவள் ஐந்தாவது பெயர். அது மஞ்சள் கார்டு, வசதி உள்ளவர்களுக்கானது. தம்பிக்கு நல்ல வேலை, வாசலில் கார் நிற்கிறது, அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் இவளுக்கென்று தனியாக, ஏழைகளுக்கான சிவப்புக் கார்டு கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகை இவள் பேருக்கே வரும், அரிசியும் வரும், டீத்தூளுக்கும் மாத்திரைக்கும் தம்பி பெண்டாட்டி சுமலதாவின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தனிக் கார்டுக்குத் தனிக் குடும்பம் என்று காட்ட வேண்டும். ஒரே வீட்டுக்குள் தனிக் குடும்பம் என்றால் அதற்குச் சாட்சி ஒன்றுதான்: தனி அடுப்பு. மறுநாள் மூன்று மணிக்குக் கார்டு ஆபீசிலிருந்து ஆள் வந்து அடுப்பைப் பார்ப்பார்.

"ஒரு கேஸ் அடுப்பு வாங்கிப் போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"கேஸுக்குப் போனா தனிக் கார்டு எங்கன்னு கேக்கறாங்க. கார்டுக்குப் போனா தனி அடுப்பு எங்கன்னு கேக்கறாங்க. நான் எங்க போறது பாய்?"

அதற்குள் சுமலதா மாடிக்கு வந்துவிட்டாள். மாடியில் நெருப்பு மூட்டக் கூடாது என்று அவள் உத்தரவு. ஊரார் புடவை குவிந்து கிடக்கிற அறை, அதனால் அந்த உத்தரவில் நியாயம் இருந்தது. கீழே புது ஓவன் வந்ததும் பழையதைத் தூக்கி நாத்தனாருக்குக் கொடுத்திருந்தாள்.

"அண்ணிக்குன்னு சும்மாவே குடுத்துட்டேன் பாய். கீழ இருந்த வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சி" என்றாள்.

"நல்லா ஓடறத யாரும்மா சும்மா குடுப்பாங்க?" என்றேன். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். அமுதவல்லியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனதைப் பார்த்தேன். எனக்கு அது போதும். அந்த நிமிஷமே இந்த வேலைக்குக் கூலி வாங்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

செத்த ஓவனைப் பார்க்க ஒரு வரிசை உண்டு. முதலில் பிளக் பாயிண்ட். அதே இடத்தில் அவளுடைய இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன், சூடானது. ஆக, கரண்ட் வருகிறது. அடுத்து மேல் மூடி. மூடியைக் கழற்றியதும் கையை விடுகிறவன் முட்டாள். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லுகிற கரண்ட் உட்கார்ந்திருக்கும். அதை வகையாக இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும், தொழில் தெரியாதவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. நான் இறக்கியபோது சடக்கென்று ஒரு பொறி வந்தது, அமுதவல்லி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அம்மாடி, செத்ததுக்கு அப்புறமும் இவ்ளோ கோவமா?" என்றாள்.

ஃபியூஸ் போயிருந்தது. போனது மட்டுமில்லை, அதன் மேல் எவனோ ஒரு மகாராசன் செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தான், அதுவும் கரிந்து அறுந்து கிடந்தது. எனக்கு முன்னால் பார்த்த மெக்கானிக்கின் கைவண்ணம். மேக்னட்ரான் போய்விட்டது, தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனானாம். மேக்னட்ரான்தான் ஓவனின் இருதயம், சூட்டைக் கிளப்புவது அதுதான். நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன். இருதயம் நன்றாகவே இருந்தது. அவனை மனசுக்குள் நாலு வார்த்தை வைதுவிட்டுப் புது ஃபியூஸ் போட்டேன். ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து ஓட்டினேன். தட்டு சுற்றியது. அமுதவல்லி கை கூப்பினாள். கதவைத் திறந்தேன். பட்டென்று மறுபடி எல்லாம் செத்தது.

"போச்சா பாய்?"

"போவல. இப்பதான் திருடன் மாட்டினான்" என்றேன்.

மூடியிருந்தால் ஓடும், திறந்தால் ஃபியூஸ் போகும் என்றால் குற்றம் கதவில்தான். கொக்கி போய் அழுத்துகிற இடத்தில் சின்னச் சின்னதாக மூன்று சுவிட்சுகள் இருக்கும். கதவு திறந்ததும் சூட்டை நிறுத்துவது அவற்றின் வேலை. ஒன்று கடல்காற்றில் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு கிடந்தது. இந்த ஊரில் இரும்பு எதுவும் முழு ஆயுசு வாழாது. உள்பக்கம் ஒரு மைக்கா அட்டையும் கரிந்திருந்தது. யாரோ எவர்சில்வர் கிண்ணத்தோடு சூடு பண்ணியிருக்கிறார்கள். யாரோ என்ன, சுமலதாதான்.

கடைக்குப் போய்ச் சுவிட்சும் அட்டையும் எடுத்து வர வேண்டியிருந்தது. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடையில் மேசைக்குக் கீழே ஒரு பழைய இண்டக்ஷன் அடுப்பு கிடந்தது. யாரோ கொடுத்துவிட்டு வாங்காமல் போனது, நெருப்பும் இல்லை, வம்பும் இல்லை. அதைக் கொண்டுபோய் வைத்திருந்தால் வேலை அரை மணியில் முடிந்திருக்கும். தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. ஆனால் ஒருத்தன் செத்தது என்று சொன்ன ஓவனை நான் எழுப்பிக் காட்ட வேண்டும், அதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. சுவிட்சை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

சாயங்காலத்துக்குள் ஓவன் ஓடியது. பத்து தடவை கதவைத் திறந்து மூடினேன், ஒன்றும் ஆகவில்லை. கிரில் கம்பி சிவந்தது, பின்பக்கக் காற்றாடி சுற்றியது. துணியில் தண்ணீர் தொட்டு வெளியெல்லாம் துடைத்துக் கண்ணாடியாக ஆக்கினேன். அதை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் மதியமே போய்விட்டேன். ஒரு தடவை சரிபார்த்துவிட்டுப் போங்கள் என்றுதான் அமுதவல்லி சொல்லியிருந்தாள். நானாகத்தான், ஆபீசர் வரட்டும், இருந்து பேசிவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்தேன். அவள் கண்ணாடிக் கிண்ணத்தில் சோறு வடித்திருந்தாள். கொஞ்சம் குழைந்திருந்தது. ஒரு தட்டில் போட்டு ஊறுகாயோடு எனக்குக் கொடுத்தாள்.

"என் அடுப்புச் சோறு பாய். ஒம்போது வருஷத்துக்கு அப்புறம் மொத மொதல்ல."

இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன். உப்பு பத்தவில்லை என்றேன்.

ஆபீசர் மூன்றரைக்கு வந்தார். இளைஞர், சட்டை முதுகெல்லாம் வேர்வை, அன்றைக்கு அது ஏழாவது வீடாம். போனில் ஒவ்வொரு கேள்வியாகப் படித்து விரலால் தட்டிக்கொண்டே போனார். பெயர், வயது, புருஷன் இறந்த தேதி. பிறகு தலையைத் தூக்கினார்.

"அடுப்பு எங்கம்மா?"

அமுதவல்லி ஓவனைக் காட்டினாள்.

"இது அடுப்பா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன்.

"அடுப்புன்னா என்னா சார்? அரிசி வேவணும், கொழம்பு கொதிக்கணும். ரெண்டும் இதுல நடக்கும்."

"தீ இல்லையே பாய்."

"வெறகு அடுப்புல தீ இருக்கும், கேஸ்ல இருக்கும். கரண்டு அடுப்புல எங்க சார் தீ இருக்கும்? உங்க ஃபார்ம்ல அடுப்புன்னு போட்டிருக்கா, தீன்னு போட்டிருக்கா?"

அவர் போனைப் பார்த்தார். அடுப்பு என்றுதான் இருந்தது. நான் விடவில்லை. டம்ளர் தண்ணீரை வைத்து ஓட்டினேன், ஆவி வந்ததும் வெளியே எடுத்து அவர் மூக்குக்கு நேராகக் காட்டினேன். குழைந்த சோற்றையும் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி பாய், ஒத்துக்கறேன். தனி அடுப்பு உண்டு" என்று சொல்லி விரலால் தட்டினார்.

அமுதவல்லியின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். டீ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஓடினாள் என்றே சொல்லலாம்.

அவள் போனபிறகு ஆபீசர் அடுத்த பக்கத்துக்குப் போனார். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல். ஃபிரிட்ஜ் இல்லை, ஏசி இல்லை, வண்டி இல்லை, தானே முணுமுணுத்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். ஓவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"பாய், இது பழசுதானே? மதிப்பில்லாத பழைய சாமான்னு போட்டுக்கவா?"

அந்த மனுஷன் எனக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அது இப்போது தெரிகிறது. அப்போது என் காதில் விழுந்தது ஒரே வார்த்தைதான், மதிப்பில்லாத. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுப்பிய சாமானை என் முகத்துக்கு நேராக மதிப்பில்லாதது என்கிறாரே என்று சுருக்கென்று ஏறிவிட்டது.

"மதிப்பில்லையா? என்னா சார் இப்டி சொல்லிட்டீங்க? உள்ள எல்லாம் புதுசு போட்டிருக்கேன். கிரில் ஓடும், முழுக் கோழி சுடலாம். கேக்கு செய்யலாம். கடையில புதுசு வாங்கினாகூட இவ்ளோ சீக்கிரம் சூடாவாது. இன்னும் பத்து வருஷத்துக்கு நான் கேரண்டி."

"கேக்கெல்லாம் செய்யலாமா?"

"தாராளமா!"

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. பிறகு போனில் ஏதோ தட்டினார். ஒரு போட்டோ எடுக்கணும் பாய் என்றார். நான் ஓவனுக்கு உள்ளே விளக்கு எரிகிற மாதிரி போட்டுவிட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அமுதவல்லி டீயோடு வந்தாள். மூன்று பேரும் குடித்தோம். டீ நன்றாக இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் பகலில் அமுதவல்லி கடைக்கு வந்தாள். நான் ஒரு மிக்ஸி ஜாரைக் கழுவிக்கொண்டிருந்தேன். என்னம்மா, கார்டு வந்துடுச்சா என்று கேட்டேன். வந்துவிட்டது என்று பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள்.

குடும்பத் தலைவி: அமுதவல்லி. உறுப்பினர்: 1. அவள் போட்டோ. எழுத்துப்பிழைகூட இல்லை. கார்டு மஞ்சளாக இருந்தது.

"தப்பா குடுத்துட்டாங்களா?" என்றேன்.

"இல்ல பாய். போய்க் கேட்டேன். தனி அடுப்பு இருக்குது, அதனால தனிக் குடும்பம்னு பிரிச்சிட்டாங்க. அந்த அடுப்பே வசதிப் பொருள் லிஸ்ட்ல இருக்குது, அதனால மஞ்சள். போட்டோகூட இருக்குது. நல்ல நிலையில் உள்ளதுன்னு எழுதியிருக்குது."

ஒரே பெட்டியை முதல் பக்கத்தில் அடுப்பு என்று எழுதி அவளைப் பிரித்துவிட்டார்கள், இரண்டாம் பக்கத்தில் வசதி என்று எழுதி அவளை ஒதுக்கிவிட்டார்கள். அப்படியானால் கேட்ட உதவித்தொகையும் கிடையாது. தம்பி கார்டிலும் பெயர் கிடையாது.

"தம்பி என்னா சொல்றான்?"

"அவன் ஒண்ணும் சொல்லல. சுமலதாதான் சொன்னா. தனிக் குடும்பம்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துடுச்சே அண்ணி, இனிமே மேல கரண்டுக்குத் தனி மீட்டர் போட்டுக்குங்க, தை மாசத்துலேந்து வாடகையும் பேசிக்கலாம்னா. எழிலு பக்கத்துலயே நின்னுட்டு செல்போனப் பாத்துட்டு இருந்தான்."

மிக்ஸி ஜாரைக் கீழே வைத்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தன்னைத்தான் கெடுத்துக்கொண்டது. என் வாய் ஒரு கைம்பெண்ணின் சோற்றில் போய் விழுந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஓவனை ஓட வைத்ததோடு எழுந்து போயிருக்கலாம். அந்த ஆபீசர் கேட்டபோது ஆமாம் சார் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். முழுக் கோழியாம், கேக்காம். அந்த அறையில் அவள் கோழி வாங்கி என்றைக்குச் சுடப் போகிறாள்?

"மனு குடுத்திருக்கேன். திங்கக்கெழம விசாரணைக்குக் கூப்ட்ருக்காங்க. நீங்க வந்து எனக்காகப் பேசணும் பாய்" என்றாள்.

அவளுக்கு நடந்தது தெரியாது என்று நினைத்தேன். தெரியாத மாதிரியே விட்டுவிடலாம் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் முடியவில்லை.

"அமுதவல்லிம்மா, நீங்க டீ வாங்கப் போனப்ப அவரு பழைய சாமான்னு போட்டுக்கவான்னு கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். நல்லா ஓடும்னு பெருமை பேசினேன். அத எழுத வெச்சதே நான்தான்."

"தெரியும்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"டீயோட படியிலதான் நின்னுட்டு இருந்தேன். கோழி, கேக்கு எல்லாத்தையும் கேட்டேன். நடுவுல பூந்து என்னான்னு சொல்றது? இப்பதான் ஓடுதுன்னு காட்டினோம், ஓடாதுன்னா சொல்ல முடியும்?"

"தெரிஞ்சுமா அன்னிக்கு எனக்கு டீ குடுத்தீங்க? தெரிஞ்சுமா இப்ப என்ன வந்து கூப்புட்றீங்க?"

அவள் கார்டை எடுத்து அதன் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாள்.

"வேற யாரக் கூப்புட்றது பாய்? எழிலு வருவானா? சுமலதா வருவாளா? இந்த ஒம்போது வருஷத்துல எனக்காக வாயத் தொறந்த ஆளு நீங்க ஒருத்தர்தான். கெடுத்தாலும் நீங்கதான் பேசினீங்க."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தெருவில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"பத்து மணிக்கு வந்துடுங்க. இந்தத் தடவ கொஞ்சம் கம்மியா பேசுங்க."